பந்தலுக்கு இழுத்த பச்சை வயர்

திரேஸ்புரம்
செப்டம்பர் 4

தம்பி செந்தில்முருகனுக்கு அக்கா அனுசியா எழுதுவது.

இங்கே நான், அத்தான், பானு மூவரும் சுகம். நீயும் பொன்செல்வியும் பிள்ளையும் சுகம் என்று அத்தான் உன்னோடு போனில் பேசிவிட்டு வந்து சொன்னார். ஓசூரில் இப்போதே குளிராமே. காதை மூடிக்கொள். உனக்குச் சின்ன வயதிலேயே காது ஆகாது.

பத்து வருஷம் பேசாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். பானுவின் சடங்கன்று நீ வராததால் சுடலைமாடன் கோயில் திருநீற்றைக் கையில் வைத்துக்கொண்டு நான் சொன்னது உன் காதுக்கும் வந்திருக்கும். "இன்னைக்கு இந்தப் பந்தலுக்கு வராதவன்கூட இனி எம் வாயால ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை.

விஷயம் கம்ப்யூட்டர். நீ ஊரில் இருந்தபோது எனக்குப் பூட்டிக்கொடுத்த அதே பெட்டி. ஒரு வாரமாக ஆன் செய்தால் திரையில் ஒன்றும் வருவதில்லை. உள்ளே காற்றாடி ஓடுகிறது. நீளமாக ஒரு சத்தம், கொஞ்சம் இடைவெளி, மறுபடியும் நீளமாக ஒரு சத்தம். நிறுத்தும்வரை இப்படியே. அத்தான் உன்னிடம் "கப்பல் சங்கு மாதிரி ஊதுது மாப்ளே" என்றாராம். எத்தனை தடவை என்று நீ கேட்டதற்கு "நெறைய" என்றாராம். அதனால்தான் நான் எழுத உட்கார்ந்தேன். வாட்ஸப்பில் எழுதினால் நீ படித்துவிட்டாய் என்று நீல டிக் காட்டும். படித்துவிட்டுப் பதில் போடாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது. தபால் என்றால் வழியில் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளலாம்.

இங்கே ரிப்பேர் பார்க்கிற ஒருவர் வந்து, மூடியைக்கூடக் கழற்றாமல், "போர்டு போயிட்டுக்கா, புதுசு வாங்கிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பானுவுக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளைக்கு விளாத்திகுளம். பத்திரிகையைப் பாதி அடித்து அந்தப் பெட்டிக்குள்தான் வைத்திருக்கிறேன். இந்தத் தெருவில் எல்லார் வீட்டுப் பத்திரிகையையும் அடித்துக்கொடுக்கிற நான், என் மகள் பத்திரிகைக்கு இன்னொரு கடையில் போய் நிற்க முடியாது.

தாய்மாமன் பெயர் வருகிற வரியை இன்னும் அடிக்கவில்லை.

பதில் போடு.
அனுசியா


ஓசூர்
செப்டம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம். அத்தானின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

போர்டு போகவில்லை. போயிருந்தால் சத்தமே வராது. விட்டுவிட்டு நீளமாக வருவது மெமரி கிடைக்கவில்லை என்பதற்கான சத்தம். மெமரி என்பது விரலைவிடச் சற்று நீளமான பச்சை நிறப் பட்டை. உங்கள் பெட்டியில் இரண்டு இருக்கின்றன. கடல் காற்றில் அதன் பல்லில் உப்புப் பூத்திருக்கும்.

பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். பிறகு பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கிற மின்சாரம் போய்விடும். இடப்பக்க மூடியைக் கழற்றினால் பட்டைகள் தெரியும். இரண்டு முனையிலும் வெள்ளைக் கொக்கி இருக்கும். கொக்கியை வெளிப்பக்கம் தள்ளினால் பட்டை தானாக எழும்பும். தங்க நிறப் பல்லைப் பென்சில் அழிக்கிற ரப்பரால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேயுங்கள். ரப்பர் தூள் உள்ளே விழக்கூடாது. ஒரு பட்டையை மட்டும் முதலில் மாட்டி, கொக்கி இரண்டும் "டக்" என்று மூடும்வரை அழுத்துங்கள். பயப்படாமல் அழுத்தலாம். ஆன் செய்து பாருங்கள். சரி என்றால் அணைத்துவிட்டு அடுத்ததை மாட்டுங்கள்.

ஒரே ஒரு சின்னச் சத்தம் வந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம்.

அத்தானையும் பானுவையும் விசாரித்ததாகச் சொல்லவும்.
செந்தில்முருகன்


திரேஸ்புரம்
செப்டம்பர் 21

தம்பிக்கு,

எல்லாரும் சுகம். அத்தானின் முழங்கால் வலி மழை வந்தால்தான் கேட்க வேண்டும்.

ஒரே ஒரு சத்தம் வந்தது. நீ சொன்னபடிதான் பல்லெல்லாம் பச்சையாகப் பூத்துக் கிடந்தது. நானே கழற்றினேன், நானே தேய்த்தேன். கொக்கி மூடும்போது ஏதோ ஒடிந்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டேன். பத்திரிகை அப்படியே இருக்கிறது.

பானு கேட்டாள், "மாமா கல்யாணத்தப் பத்தி என்ன எழுதியிருக்காவ?" என்று. "ரப்பர் வச்சித் தேய்க்கச் சொல்லியிருக்கான்" என்றேன். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பெரியப்பா மகன் பெருமாள் அண்ணன் நேற்று வந்திருந்தார். சடங்கில் உன் இடத்தில் நின்றவர் அவர்தானே. "கல்யாணத்துக்கும் நான்தான மாமன்? சட்டை தைக்கக் குடுத்துரட்டா?" என்று கேட்டார். காப்பி கொடுத்தேன். பதில் கொடுக்கவில்லை.

எப்போதிருந்து என்னை "நீங்கள்" என்கிறாய்?

அனுசியா


திரேஸ்புரம்
அக்டோபர் 3

தம்பிக்கு,

சுகம். பதில் வரவில்லை. சரியாகிவிட்டது என்று எழுதியதால் இனிப் பதில் தேவையில்லை என்று நினைத்துவிட்டாய் போல.

மறுபடியும் கத்துகிறது. ஒரு வாரம் நன்றாக ஓடியது. வெள்ளிக்கிழமையிலிருந்து பழையபடி நீளச் சத்தம். ரப்பரால் தேய்த்தேன், ரப்பர் வழுக்கிக்கொண்டு போகிறது. இடம் மாற்றி மாட்டினேன். ஒரு பட்டையோடு பார்த்தேன். போகிறபோதும் வருகிறபோதும் ஆன் செய்வதும் அணைப்பதுமாக இருக்கிறேன். "அந்த பட்டன் பிஞ்சி கையோட வந்துரும்ளா" என்று அத்தான் சத்தம் போடுகிறார். அவருக்கென்ன.

பத்திரிகையை ஐப்பசிக்குள் அடித்து முடிக்க வேண்டும்.

அனுசியா


ஓசூர்
அக்டோபர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை.

ரப்பர் வழுக்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். சுத்தமான தகட்டில் ரப்பர் வழுக்காது. நான் கேட்கிறேன் என்று கோபப்படக்கூடாது. அந்தப் பல்லில் யாராவது எதையாவது தடவினார்களா? அத்தான் கடையில் படகு எஞ்சினுக்கு விற்கிற மஞ்சள் கிரீஸ் இன்னும் அந்த மேஜைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறதா?

தடவியிருந்தால் ரப்பரை விடுங்கள். செல்போன் ரிப்பேர் கடையில் போர்டு துடைக்கிற ஸ்பிரிட் கேட்டு வாங்குங்கள். பஞ்சில் நனைத்து, பஞ்சு வெள்ளையாக வரும்வரை துடையுங்கள். பட்டையைச் செருகுகிற பள்ளத்துக்குள்ளும் போயிருக்கும். அங்கே மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

செந்தில்முருகன்


திரேஸ்புரம்
அக்டோபர் 19

தம்பிக்கு,

சுகம்.

தடவினார். போன கடிதம் எழுதும்போதே எனக்குத் தெரியும். அவரை உன்னிடம் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று எழுதவில்லை. நான் குளிக்கப் போன நேரத்தில் மூடியைக் கழற்றி, இரண்டு பட்டையிலும் கிரீஸ் தடவி, மாட்டி, மூடியும் வைத்துவிட்டார். கேட்டதற்கு, "உப்புக் காத்துல கெடக்க இரும்புக்குக் கிரீஸ் போடாம சந்தனமா போடுவாவ? நங்கூரத்துக்குப் போடுதோம், எஞ்சினுக்குப் போடுதோம், இதுக்குப் போட்டா கொறஞ்சா போவும்?" என்கிறார். "அது இரும்பு இல்லவே" என்றேன். "உப்புக்குத் தெரியுமாளா அது இரும்பா இல்லையான்னு?" என்றார்.

ஸ்பிரிட் வாங்கித் துடைத்தேன். நாலைந்து பஞ்சு மஞ்சளாகிப் போனது. ஓடுகிறது. ஆனால் நடுவில் தானாக அணைந்து, மறுபடி சத்தம் போட்டு எழுகிறது. பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது. அது புதிதல்ல, பல வருஷமாக அடிக்கிறது. நான் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டுதான் டைப் அடிப்பேன். பழகிவிட்டது.

இப்போது மற்றது. அத்தான் உன்னைப் போனில் கல்யாணத்துக்கு அழைத்தாராம். "அக்கா கூப்பிடட்டும் அத்தான்" என்றாயாம். நீ சொன்னது முறைதான். தாய்மாமனுக்கு முதல் அழைப்பு. கூடப்பிறந்தவள் தட்டோடு வாசலில் வந்து நின்று வாயால் சொல்ல வேண்டும். தபாலில் வருகிற பத்திரிகைக்கு மாமன் எழுந்து வரமாட்டான். இதெல்லாம் எனக்குத் தெரியாதா.

சுடலைமாடன் கோயில் பூசாரி பிச்சைக்கண்ணு அண்ணாச்சியிடம் போய்க் கேட்டேன். திருநீறு பிடித்துச் சொன்ன சொல்லைக் கோயில் கொடைத் திருவிழா அன்றைக்குத்தான் திரும்ப வாங்கலாமாம். கொடை சித்திரையில். கல்யாணம் தையில். மார்கழியில் அழைப்பு வைக்க முடியாது. கார்த்திகை முடிவதற்குள் உன் வாசலுக்கு நான் வந்தாக வேண்டும். வந்து ஊமை மாதிரி நிற்கவா? தட்டை மட்டும் நீட்டவா? நீயே ஒரு வழி சொல்.

அனுசியா


ஓசூர்
நவம்பர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கே மழை என்று செய்தியில் பார்த்தேன். கடைக்குள் தண்ணீர் வந்ததா?

தாமதத்துக்கு மன்னிக்கவும். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

பெட்டி சுருக்கென்று அடிப்பதும், தானாக அணைவதும் மெமரி கோளாறு அல்ல. அந்தச் சுவர் பிளக்கில் எர்த் இல்லை. பெட்டியில் தேங்குகிற மின்சாரம் போக வழியில்லாமல் நிற்கிறது. அந்தப் போர்டிலிருந்துதானே ஜன்னல் கம்பிக்குள் நுழைத்துப் பந்தல் சீரியல் லைட்டுக்குப் பச்சை வயர் ஒன்றை இழுத்திருந்தீர்கள்? அதை மாட்டும் அவசரத்தில் எர்த் முனையைக் கழற்றியிருப்பார்கள், திரும்ப மாட்டியிருக்க மாட்டார்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து அந்தப் போர்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நீங்களாகக் கை வைக்க வேண்டாம். அத்தானையும் கிட்டே விட வேண்டாம்.

கல்யாண விஷயம். எனக்கும் வழி தெரியவில்லை. எனக்காகப் பத்திரிகையை நிறுத்தி வைக்க வேண்டாம். பெருமாள் அண்ணன் பெயரையே போட்டுவிடுங்கள். ஒரு தடவை அந்த இடத்தில் நின்றவர்தானே. பானுவுக்கு என் ஆசீர்வாதம்.

செந்தில்முருகன்


திரேஸ்புரம்
நவம்பர் 24

தம்பிக்கு,

சுகமா என்று பிறகு கேட்கிறேன்.

எலக்ட்ரீஷியன் போர்டைத் திறந்தார். நீ சொன்ன இடத்தில், நீ சொன்னபடி, எர்த் வயர் மடங்கிச் சும்மா கிடந்தது. மாட்டிவிட்டார். இப்போது பெட்டியைத் தொட்டால் அடிக்கவில்லை. அணையவும் இல்லை. வெறும் காலோடு உட்கார்ந்து டைப் அடிக்கிறேன். நன்றி.

ஆனால் அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உன் கடிதத்தை எத்தனை தடவை எடுத்துப் படித்தேனோ தெரியாது. அந்தப் பச்சை வயர் உனக்கு எப்படித் தெரியும்?

இந்த வீட்டில் நாங்கள் பந்தல் போட்டது பானு சடங்குக்கு மட்டும்தான். அன்றைக்குச் சாயங்காலம்வரை விளக்கெல்லாம் ஜெனரேட்டரில் எரிந்தது. இருட்டிய பிறகு ஜெனரேட்டர் நின்றுபோனது. அத்தான்தான் கடையிலிருந்து படகுக்குப் போடுகிற பச்சை வயரை எடுத்து, ஜன்னல் வழியாக இழுத்து, பந்தலுக்கு வெளிச்சம் கொண்டுவந்தார். சடங்கு முடிந்ததும் கழற்றிச் சுருட்டி விற்கிற சாமானோடு வைத்துவிட்டார். ஆல்பத்தை எடுத்து ஒவ்வொரு போட்டோவாகப் பார்த்தேன். வயர் எதிலும் இல்லை. "நீர் செந்தில்கிட்ட வயரப் பத்திச் சொன்னீரா?" என்று கேட்டேன். "நானே அத மறந்துட்டன்ளா. எதுக்கு இப்ப?" என்றார்.

அந்த வயரைக் கண்ணால் பார்த்தவனுக்குத்தான் அது தெரியும். இருட்டிய பிறகு வந்தவனுக்குத்தான் தெரியும்.

நீ வந்தாயா? எதுவரைக்கும் வந்தாய்? தெருவில் நின்றாயா, பந்தலுக்குள் கால் வைத்தாயா? மழுப்பாமல் எழுது. பெருமாள் அண்ணன் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டார். பத்திரிகையில் அந்த வரி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

அக்கா


ஓசூர்
டிசம்பர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம்.

வந்தேன். தர்மபுரி தாண்டிப் பஸ் நின்றுபோனது. மாற்றுப் பஸ் பிடித்து மதுரை வரவே மத்தியானம் தாண்டிவிட்டது. நம் தெருமுனையில் இறங்கும்போது பந்தல் இருட்டாக இருந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். வாசலில் வாழைமரத்தைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் விளக்கு வந்தது. எனக்கு நேர் மேலே ஜன்னலிலிருந்து அந்த வயர் தொங்கிக்கொண்டிருந்தது. தலையில் இடிக்காமல் குனிந்தேன். அதனால்தான் நினைவிருக்கிறது. யார் வீட்டுப் பெண்ணோ சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். எடுத்துக்கொண்டேன்.

மேடையில் பெருமாள் அண்ணன் பானுவுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார். நீ சிரித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாய்.

அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். நீ சத்தியம் செய்த கதை நான் ஓசூர் வந்து சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அப்புறம் அதைப் பற்றி யாரிடம் பேசுவது.

பானுவுக்கு எடுத்த மாமன் பட்டு பீரோவில் இருக்கிறது. பொன்செல்வி அடிக்கடி வெயிலில் போட்டு எடுத்து வைக்கிறாள். இப்போது அது பழைய டிசைன்.

செந்தில்


திரேஸ்புரம்
டிசம்பர் 8

தம்பி செந்திலுக்கு,

நாங்கள் சுகம். நான் மட்டும் ரெண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இன்று சாப்பிட்டேன்.

நான் அன்றைக்குச் சிரித்துக்கொண்டு நின்றது போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னதால். கண் வாசலில்தான் இருந்தது. விளக்கு வந்த வெளிச்சத்தில் கண் கூசி எனக்கு வாசல் தெரியவில்லை.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராகப் பிச்சைக்கண்ணு அண்ணாச்சியிடம் போனேன். அவர் கோயில் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். விளக்குமாற்றைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"பந்தலுக்குள்ள கால் வச்சானா?"

"வச்சானாம் அண்ணாச்சி."

"சந்தனம் எடுத்தானா?"

"எடுத்தானாம்."

"நீ என்னன்னு சொல்லித் திருநீறு புடிச்ச?"

"இந்தப் பந்தலுக்கு வராதவன்கூடப் பேச மாட்டேன்னு."

"அப்பம் என்னத்துக்குளா இங்கன வந்து நிக்க? வராதவன்கூடப் பேச மாட்டேன்னு சாமிகிட்டச் சொன்ன. வந்தவன்கூடப் பேசாம இருந்தது நீயா இருந்தது. அதுக்குச் சாமி என்ன செய்யும்? போ, போயி புள்ளக்கி மாமன அழைக்கிற வழியப் பாரு."

திருநீறு கேட்டேன். "அந்தக் கையில இன்னொரு தடவ திருநீறு தர எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, பிறகு நெற்றியில் பூசிவிட்டார்.

வீட்டுக்கு வந்து பெட்டியை ஆன் செய்தேன். ஒரே ஒரு சின்னச் சத்தம். உட்கார்ந்து அந்த வரியில் உன் பெயரை அடித்தேன். பெருமாள் அண்ணனிடம் அத்தான் போய்ச் சொன்னார். "அளவு குடுத்த சட்டைய என்ன செய்ய?" என்று கேட்டாராம். "கல்யாணத்துக்குப் போட்டுட்டு வாரும்" என்றாராம் அத்தான்.

அந்தப் பட்டுப் புடவையைப் பழைய டிசைன் என்று சொல்லாதே. பானுவிடம் சொன்னேன். மறுவீட்டுக்கு அதைத்தான் கட்டுவாளாம்.

சனிக்கிழமை மைசூர் எக்ஸ்பிரஸில் நானும் அத்தானும் ஏறுகிறோம். ஞாயிற்றுக்கிழமை கார்த்திகை கடைசி நாள். காலையில் தட்டோடு உன் வாசலில் நிற்போம். அத்தான் உனக்கு ஒரு டப்பா கிரீஸ் எடுத்து வைத்திருக்கிறார். வாங்கி வைத்துக்கொள், ஒன்றும் சொல்லாதே.

மணி அடித்ததும் கதவைத் திற. ஆனால் நீ வாயைத் திறந்துவிடாதே. முதலில் நான் பேசுகிறேன்.

அக்கா